சோறு குறையட்டும், காய் கூடட்டும்: உலை வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு வீடுகளில் நாள்தோறும் உலை வைத்து, உப்புப் போட்டு, இலையிலும் தட்டிலும் பரிமாறும் அனைவருக்கும்,

தமிழில் சாப்பாடு என்றால் சோறு. மற்றவை எல்லாம் அதற்குத் துணை. ‘தொட்டுக்கொள்ள என்ன?’ என்று கேட்கும்போதே காயும் கீரையும் பருப்பும் விரல் நுனியால் தொடும் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. தட்டும் அந்தச் சொல்வழக்கின்படியே நிறைகிறது: நடுவில் குன்றாகச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், மேலே பருப்பு அடியில் தங்கிவிட்ட சாம்பார். உடலுக்கு வேண்டியதோ இதற்கு ஏறத்தாழ நேர்மாறான விகிதம். தமிழ்நாட்டு அடுக்களையில் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை நல்லவை. பல நூற்றாண்டுகளாக மக்களை வளர்த்தவை. மாறவேண்டியது அவற்றின் அளவு. அந்த அளவை மருத்துவர் போடுவதில்லை, சந்தை போடுவதில்லை. உலை வைப்பவரின் கைதான் போடுகிறது.

இந்தக் குறை இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. நீலகிரியின் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1920களில் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ட உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட பஞ்சாபின் சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காகவும் பாலும் காயும் சொற்பமாகவும் இருந்த வங்க, சென்னை மாகாண உணவுகளை உண்டவை கடைசி இடங்களில் நின்றன. அவர் நடத்திய ஆய்வுக்கூடம்தான் பின்னர் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2024இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. குன்னூரில் தொடங்கி நூறாண்டு ஆகியும் தட்டின் நடுவில் அதே வெள்ளைச் சோற்றுக் குன்றுதான் இருக்கிறது.

அதன் விளைவுகளை இன்று எண்களில் காணலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலை என்றது அது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 11.4. இதே மாநிலத்தில், 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. பத்துப் பேரில் நால்வருக்கு அளவு மீறிய எடை. மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே வீட்டில், பல வேளை ஒரே உடலில், சேர்ந்து இருக்கின்றன. வயிறு நிறைகிறது, இரும்பும் புரதமும் நாரும் வந்து சேர்வதில்லை.

ஒரு நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த அளவு இது: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து 250 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி சேர்ந்து 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி. தானியமும் பருப்பும் சமைப்பதற்கு முந்தைய எடையில் சொல்லப்பட்டவை. தட்டில் வைத்துப் பார்த்தால் பாதிக்குக் காயும் பழமும், மீதிப் பாதியில்தான் சோறும் பருப்பும் மற்றவையும்.

அரிசியிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்று உண்ணும் வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான் பெயர் மாறி வருகிறது. இட்லி மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பல வீட்டு வழக்கம். அரிசி தீங்கான தானியம் அன்று. ஆனால் ஆலையில் தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடுகின்றன. அவற்றோடு நாரும் பி வகை வைட்டமின்களும் போகின்றன. மிஞ்சும் வெள்ளை மணியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது குடலில் விரைவாகச் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது. அதை இறக்கக் கணையம் ஒவ்வொரு வேளையும் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவேண்டியிருக்கிறது. வயலில் உழைத்த உடல் அந்தச் சர்க்கரையை எரித்துவிடும். நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடல் அதைக் கொழுப்பாக்கி வயிற்றில் சேர்க்கும்.

புழுங்கல் அரிசி பச்சரிசியைவிட மேலானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. ஆனாலும் புழுங்கல் அரிசிக்கும் அளவு உண்டு. குறைக்கும் வேலை உலையில் தொடங்கவேண்டும். தட்டில் தொடங்கினால் வீணாகப் போகுமே என்ற கவலையில் மிஞ்சிய சோறும் வயிற்றுக்குள்தான் போகும். மூன்று டம்ளர் அரிசி போடும் வீடு முதல் வாரம் இரண்டரை போடலாம். வீட்டார் பழகிய பிறகு இரண்டாக்கலாம். குறைந்த இடத்தைக் காயும் பருப்பும் நிரப்பாவிட்டால் பசி வரும். மாலையில் அந்தப் பசி பஜ்ஜிக் கடைக்கு அழைத்துப்போகும். உண்ணும் வரிசைக்கும் பயன் உண்டு: காயையும் பருப்பையும் முதலில் உண்டு, பிறகு சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது.

கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு ஆகியவற்றுக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தானியங்களில் கேழ்வரகு அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து கொண்டது வேறில்லை; நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. கம்பில் இரும்பு மிகுதி. எனினும் சிறுதானியமும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். நீரிழிவு உள்ளவர் கேழ்வரகுக் கூழை அளவின்றிக் குடிப்பது தவறு. முழு மணியாகப் பொங்கியோ, கொரகொரப்பான களியாகவோ, கீரை சேர்த்த அடையாகவோ, சோற்றுக்கு மாற்றாக உண்ணும்போதுதான் பயன். சோற்றோடு கூடுதலாக உண்பதில் பயன் இல்லை.

அடுத்தது புரதம். நாளொன்றுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். நால்வருக்கு நூறு கிராம் துவரம்பருப்பில் சாம்பார் வைத்தால் ஒருவருக்குப் பருப்பிலிருந்து கிடைப்பது ஐந்து, ஐந்தரை கிராம். அதுவும் அகப்பை அடிவரை போனால்தான். ரசமும் மோரும் அந்தக் குறையை நிரப்பமாட்டா. சாம்பாரைக் கெட்டியாக்குவது, வாரத்தில் சில நாள் பருப்பு மிகுந்த கூட்டு வைப்பது, இரவுத் தோசைக்குப் பதில் நாலு பருப்பு அரைத்த அடையோ பச்சைப்பயறு தோசையோ வார்ப்பது, மாலையில் முறுக்குக்குப் பதில் சுண்டல் கிண்டுவது ஆகியவை எளிய வழிகள். ஐம்பது கிராம் கொண்டைக்கடலையில் பத்து கிராம் அளவு புரதம் உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராம். மீன் உண்ணும் வீடுகளில் மத்தியும் நெத்திலியும் வஞ்சிரத்தைவிட மலிவு. இதயத்துக்கு நன்மை தரும் கொழுப்பு மத்தியில் நிறைய உண்டு. எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பில் இடுவது நல்லது. நியாயவிலைக் கடையில் மாதந்தோறும் கிடைக்கும் துவரம்பருப்பை வாங்காமல் விடுவது அரிசியை விடுவதைவிடப் பெரிய இழப்பு.

காய்கறிதான் தட்டில் மிகவும் குறைந்து கிடப்பது. கால் கிலோ பீன்ஸ் வாங்கி நால்வருக்குப் பொரியல் செய்தால் ஒருவருக்கு அறுபது கிராம் சொச்சம்தான் வரும். காயும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு அருகில் போகவே நால்வர் உள்ள வீட்டில் ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் காய் நறுக்கவேண்டும். அது செலவு என்று தோன்றும். கேரட்டும் பீன்ஸும் காலிஃபிளவரும் வாங்கினால் செலவுதான். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், பூசணி, முள்ளங்கி, வாழைத்தண்டு, முட்டைக்கோஸ், பருவத்துக் கத்தரி, கட்டுக்கீரை ஆகியவற்றால் அதே அளவைக் குறைந்த பணத்தில் எட்டலாம். ஒரு வேளைக்கு ஒரு காய் என்பதைப் பொரியல் ஒன்று, கூட்டு ஒன்று என்று இரண்டாக்கினால் பாதி வேலை முடியும். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் சேனையும் இந்தக் கணக்கில் சேரா. அவை மாவுச்சத்து, சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவல் என்பது சோற்றுக்குச் சோறே துணை என்பதுபோல.

கீரையைத் தனியாகச் சொல்லவேண்டும். முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. ஆனால் தாவர இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. அதற்குத் துணை வேண்டும். வைட்டமின் சி அந்தத் துணை: கீரையோடு எலுமிச்சைச் சாறு, தக்காளி, நெல்லிக்காய், ஒரு கொய்யாத்துண்டு. சாப்பிட்டவுடன் குடிக்கும் காப்பியும் தேநீரும் இதற்கு எதிரி. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிணைத்துக்கொள்கின்றன. உணவுக்கும் காப்பிக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுவது செலவே இல்லாத மருந்து. பழத்தை முழுதாக உண்பதே நல்லது. சாறாக்கி வடிகட்டினால் நார் போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும். ஆப்பிளுக்குப் பணம் இல்லை என்று வருந்தவேண்டியதில்லை. கொய்யாவில் வைட்டமின் சி அதைவிடப் பன்மடங்கு.

உப்பின் கதை தமிழ்நாட்டில் வேறு. மேலைநாடுகளில் உப்பின் பெரும்பகுதி ஆலையில் செய்த உணவிலிருந்து வருகிறது. இங்கே அதைப் போடுவது வீட்டுக் கை. இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில், ரசத்தில், பொரியலில், மோரில் உப்பு. அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு. ஒருவருக்கு ஒரு நாளில் ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதை வீட்டில் சோதிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. நால்வருக்கு நாளுக்கு இருபது கிராம் என்றால் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வரவேண்டும். பிரிக்கும் நாளன்று பாக்கெட்டின் மேல் தேதியை எழுதிவைத்தால் போதும். முப்பது நாளில் தீர்ந்தால் ஊறுகாயையும் ஓட்டலையும் சேர்க்காமலேயே அளவு மீறிவிட்டது.

உப்பு மிகுந்தால் உடல் நீரைத் தேக்குகிறது. இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடுகிறது. வலியோ அறிகுறியோ காட்டாமல் அந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் நுண்குழாய்களையும் தேய்க்கிறது. இந்துப்பு வாங்கினால் தப்பிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை; அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்த சாதாரண உப்பையே வாங்கி, அளவைக் குறைப்பதே வழி. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, பூண்டு, கொத்தமல்லி ஆகியவை உப்பின் குறையை மறைக்கும். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கத்தையும், உணவு மேசையில் உப்புக் கிண்ணம் வைப்பதையும் நிறுத்துவது முதல் படி.

எண்ணெய்க்கும் இதே வகைக் கணக்கு. ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம் என்றால் மாதத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு; நால்வருக்கு மூன்றரை லிட்டர். அதற்குள் நெய், வெண்ணெய், வெளியில் தின்னும் வடை, பரோட்டா எல்லாம் அடங்கவேண்டும். பாமாயிலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு முதல் பாதி வரையும், தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும் நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு. நல்லெண்ணெயில் இன்னும் குறைவு. இரண்டு மூன்று எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. செக்கில் ஆட்டியதானாலும் ஒரு கிராம் எண்ணெயில் ஒன்பது கலோரிதான். அதில் சலுகை இல்லை. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் அதில் தீய சேர்மங்கள் பெருகுகின்றன. பொரிப்பதாயின் சிறு வாணலியில் குறைந்த எண்ணெய் வைத்து, மிஞ்சியதை அடுத்த ஓரிரு நாளில் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடவேண்டும்.

சர்க்கரை மெல்ல நுழைவது டம்ளர் வழியாக. நாளுக்கு நான்கு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 32 கிராம். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பலகாரம் தொடாமலேயே எல்லை கடந்தாயிற்று. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவற்றில் சிறிது தாதுக்கள் உண்டு. ஆனால் இரத்தத்தில் அவையும் சர்க்கரையாகவே ஏறும். ஒரு சிறு புட்டிக் குளிர்பானத்தில் ஏழெட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. தாகத்துக்குத் தண்ணீர், உப்புக் குறைந்த நீர்மோர், வெள்ளரி, தர்பூசணி ஆகியவை போதும். குழந்தைகளுக்கான சத்துப்பானப் பொடிகளை வாங்குமுன் டப்பாவின் பின்புறத்தைப் படிக்கவேண்டும். பொட்டல உணவில் எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வரும். முதல் மூன்றில் சர்க்கரையோ மைதாவோ பாமாயிலோ இருந்தால் அது அன்றாட உணவு அன்று.

இந்தக் கணக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் தவறிப்போகலாம். அந்த ஒருவர் பெரும்பாலும் சமைத்தவர். எல்லாருக்கும் பரிமாறி முடித்த பின், சட்டியின் அடியில் காய் தீர்ந்து, முட்டை தீர்ந்து, மிஞ்சிய சோற்றை ரசம் விட்டு உண்ணும் பழக்கம் எண்ணற்ற வீடுகளில் இன்றும் இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை என்ற கணக்கின் ஒரு வேர் அந்தச் சட்டியின் அடியில் இருக்கிறது. சமைத்தவரின் பங்கை முதலிலேயே தனியாக எடுத்துவைப்பது, அல்லது அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து உண்பது, இரும்பு மாத்திரையோடு சேரவேண்டிய மருத்துவம். காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் ஒருவர் தலையில் மட்டும் இருக்கும்வரை ஒரு கிலோ காய் என்பது பேச்சளவில்தான் நிற்கும். ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் அரிவாள்மனைக்கு வந்தாலொழியத் தட்டின் விகிதம் மாறாது.

உணவோடு உடலையும் அளந்து பார்க்கவேண்டும். தெற்காசிய உடலமைப்பில் எடை அதிகம் இல்லாதபோதும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. ஆகவே இடுப்புச் சுற்றளவு எடையைவிட உண்மை பேசும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. வெறும்வயிற்றுச் சர்க்கரை நூறைத் தாண்டினால் கவனம் வேண்டும். 126ஐ எட்டினால், மறுமுறை சோதித்து உறுதி செய்தபின், அது நீரிழிவு. இரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90க்கு மேல் நின்றால் மருத்துவம் வேண்டும். முப்பது வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை இவற்றைப் பார்ப்பது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நோய் உள்ளவர்களுக்கு மாத்திரை தருகிறார்கள்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடப்பது பெரியவர்களுக்குத் தேவை. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தாலும் சர்க்கரையின் ஏற்றம் தணியும், ஏனெனில் அசையும் தசை இரத்தத்திலிருந்து அதை நேரடியாக இழுத்துக்கொள்கிறது. இரவு உணவை உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பதும் ஏழு மணி நேரம் உறங்குவதும் அடுத்த நாளின் பசியைச் சீராக வைக்கும்.

மருந்து உண்பவர்கள் விரைந்து மாறக்கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் சோற்றைத் திடீரெனப் பாதியாக்கினால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவையும் சேர்த்தே மாற்றவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையோ கூடுதல் புரதத்தையோ தாமாகத் தொடங்கக்கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயலும் வீடு ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். வரிசையாக மாற்றும் வீடு நிலைக்கும். முதல் மாதம் உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதி, ஊறுகாயை வாரத்துக்கு இரண்டு நாளாக்கலாம். இரண்டாம் மாதம் காப்பியில் சர்க்கரையைப் பாதியாக்கி, மாலைப் பலகாரத்தைச் சுண்டலாக்கலாம். மூன்றாம் மாதம் இரண்டாவது காய் ஒன்றைச் சேர்த்து, உலையில் அரை டம்ளர் அரிசியைக் குறைக்கலாம். நான்காம் மாதம் எண்ணெய்க் கணக்கு. ஆண்டு திரும்பும்போது அதே அடுக்களையில், அதே பாத்திரங்களில், அதே தாளிப்பு மணத்தோடு வேறொரு விகிதம் உருவாகியிருக்கும். அந்தத் தட்டில் வளரும் பிள்ளைக்குக் காய் என்பது தொட்டுக்கொள்ளும் பொருளாகத் தெரியாது. சாப்பாடு என்றாலே அதுதான் என்று பழகியிருக்கும்.